வீட்டு வீடியோவை டிவிடி பிளேயரில் ஓடும் டிஸ்க்காக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேரனின் காதுகுத்து வீடியோவை ஒரு டிவிடியில் போட்டு ஊருக்கு அனுப்புகிறோம். லேப்டாப்பில் நன்றாக ஓடிய அதே டிஸ்க், அம்மாச்சி வீட்டு பிளேயரில் உள்ளே போய் இரண்டு சுற்று சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று சொல்லி வெளியே வந்துவிடுகிறது. டிஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கும், பிளேயரும் நன்றாகத்தான் இருக்கும். வீடியோ கோப்பை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்ததுதான் கோளாறு.

பழைய டிவிடி பிளேயருக்கு எம்பி4 என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்க்கைப் போட்டதும் அது தேடுவது 'வீடியோ டிஎஸ்' என்ற ஒரு ஃபோல்டரை. அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று மூன்று வகைக் கோப்புகள் இருக்க வேண்டும். படமும் ஒலியும் விஓபியில் இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற விவரம் ஐஎஃப்ஓவில். பியூபி அதன் நகல். படம் பொதுவாக எம்பெக்-2 வடிவில் இருக்க வேண்டும், ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பிளேயர் கையை விரித்துவிடும்.

ஆக, வேலை மூன்று: வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றுவது, அதை டிவிடி அமைப்புக்குள் அடுக்குவது, கடைசியாக டிஸ்க்கில் ரைட் செய்வது. விண்டோஸில் காலி டிஸ்க்கைப் போட்டதும் வரும் சின்னப் பெட்டி முதல் இரண்டு வேலையையும் செய்யாது. அதில் 'சிடி/டிவிடி பிளேயருடன்' என்று ஒரு தேர்வு இருக்கும். பெயரைப் பார்த்து, இதைச் சொடுக்கினால் பிளேயரில் ஓடிவிடும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அதுவும் கோப்புகளை அப்படியே பதிவதுதான். அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

இப்போது வரும் லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் இருப்பதில்லை. யூஎஸ்பியில் செருகும் ஒல்லியான டிவிடி ரைட்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். சென்னையில் ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களில் கம்ப்யூட்டர் கடைகளிலும் கிடைக்கும். அதை லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகப் போட்டால் மின்சாரம் போதாமல் பாதியில் நின்றுவிடும்.

காலி டிஸ்க் வாங்கும்போது டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர் என்று இரண்டு வகை உண்டு. பழைய பிளேயருக்கு மைனஸ் ஆர்தான் பாதுகாப்பு. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகை ஒன்றிரண்டு வைத்துக்கொண்டால் சோதனைக்கு உதவும். ஆனால் அது ஒளியைத் திருப்பி அனுப்புவது குறைவு, சில பழைய பிளேயர்கள் அதைப் படிக்காது. ஒருகாலத்தில் மோசர் பேர் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் கடையே கிடையாது. அந்த நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. இப்போது கடை அலமாரியில் இருப்பவற்றில் பழைய சரக்கும் கலந்திருக்கும். 50 டிஸ்க் கட்டாக வாங்குவதற்கு முன் இரண்டு வாங்கி ரைட் செய்து பாருங்கள்.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கைத் தவிர்த்துவிடலாம். விலை அதிகம், அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும், பழைய பிளேயர்கள் முரண்டு பிடிக்கும். இரண்டு சாதாரண டிஸ்க்கில் பிரித்துப் போடுவதே மேல்.

மென்பொருள் எல்லாம் இலவசம்: தொகுப்பதற்கு ஷாட்கட், வடிவம் சீராக்க ஹேண்ட்பிரேக், டிவிடி அமைப்புக்கு டிவிடிஸ்டைலர், ரைட் செய்ய இம்க்பர்ன், சோதிக்க விஎல்சி. அவரவர் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் வேண்டாத சரக்கும் கூடவே வந்து உட்காரும். ஹேண்ட்பிரேக்கை டிவிடி போடும் மென்பொருள் என்று நினைத்து இறக்குபவர்கள் உண்டு. அது டிவிடி போடாது. இங்கே அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதல் படி: மூல வீடியோக்களைச் சேர்ப்பது

விசேஷத்தில் ஆளுக்கொரு போனில் எடுத்திருப்பார்கள். 'வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள் மாமா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாட்ஸப் வழக்கமான வழியில் அனுப்பும் வீடியோவைச் சுருக்கிவிடும், அதை மறுபடி டிவிடிக்காகச் சுருக்கும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். கூகுள் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள், அல்லது வாட்ஸப்பிலேயே 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். நேரில் பார்க்க முடிந்தால் கேபிள் போட்டு எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பழைய சரக்கு என்றால் கதை வேறு. மினிடிவி கேசட்டை ஃபயர்வயர் வழியாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும், கணினியின் ஹார்டு டிஸ்க்கில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். விஎச்எஸ் கேசட்டுக்கு யூஎஸ்பி கேப்சர் கருவி வேண்டும். உள்ளங்கை அளவு 8 செ.மீ. டிஸ்க்கில் பதிவாகும் கேமரா வைத்திருந்தவர்கள், அந்தக் கேமரா உயிரோடு இருக்கும்போதே அதிலேயே 'ஃபைனலைஸ்' (பதிவை முடித்து டிஸ்க்கை மூடுவது) செய்துவிடுங்கள். செய்யாத டிஸ்க்கை வேறு எந்த டிரைவும் சுலபத்தில் படிக்காது.

1990களின் கடைசியிலும் 2000களிலும் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் ஸ்டுடியோக்காரர் கொடுத்த விசிடி மூன்று நான்கு இருக்கும். அதைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் '.dat' என முடியும் கோப்புகள் தெரியும். அவை எம்பெக்-1 வீடியோ, 352 × 288 அளவு. டிவிடி விதிமுறை இந்த அளவையும் வடிவத்தையும் ஏற்கும், ஆனால் விசிடியின் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடிக்கு 48 வேண்டும். ஒலியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆசைப்படலாம். அனுபவம் இல்லாதவர்கள் மற்ற வீடியோபோலவே முழுசாக மாற்றிவிடுவது தொல்லை குறைவு. அந்த விசிடிகளைக் கணினியில் காப்பி எடுக்கும் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மேற்பரப்பு உரிந்துபோன விசிடியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இரண்டாம் படி: பால் வடிவமா, என்டிஎஸ்சியா?

டிவியில் படம் காட்டும் முறை நாட்டுக்கு நாடு வேறு. எல்லோரும் சொல்வது: இந்தியாவில் பால் (PAL) முறை, 720 × 576, நொடிக்கு 25 படம். அமெரிக்கா, கனடாவில் என்டிஎஸ்சி, 720 × 480, நொடிக்கு 29.97 படம். ஆகவே நாம் பால் போட வேண்டும்.

கேசட்டும் பழைய கேமராவும் என்றால் சரி, அவை பாலிலேயே எடுக்கப்பட்டவை. போன் வீடியோ அப்படி இல்லை. பெரும்பாலான போன்கள் நொடிக்கு 30 படம் எடுக்கும். அதை 25 ஆக்க நொடிக்கு ஐந்து படங்களைத் தூக்கி எறிய வேண்டும். யாராவது மண்டபத்தை இடமிருந்து வலமாகச் சுற்றிக் காட்டியிருந்தால் அங்கே படம் விட்டு விட்டு நகரும். நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்கள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு முறையையும் ஓட்டும். அதனால் போனில் எடுத்ததை என்டிஎஸ்சியில் போட்டால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். பெட்டிபோல் இருக்கும் பழைய டிவியில் மட்டும் என்டிஎஸ்சி கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரியலாம். அப்போது பிளேயரின் 'செட்டப்' மெனுவில் டிவி வகையைப் 'பால்' என்று மாற்றிப் பாருங்கள், பல பிளேயர்கள் தாமே மாற்றிக் கொடுக்கும். ஓடும் டிவி எது என்று தெரியாமல் பத்து வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் பாலே போடுங்கள், லேசான தயக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்த விசேஷத்துக்கு ஒரு குறிப்பு. ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் பால் வடிவங்களைக் காட்டும் தேர்வு உண்டு. அதை இயக்கி 25இல் எடுத்தால் இந்தச் சிக்கலே வராது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து டியூப்லைட் துடிப்பதும் குறையும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்கு அனுப்பினால் 'ரீஜன்' குறியீடு பற்றிக் கவலை வேண்டாம். கடையில் விற்கும் பட டிவிடிக்குத்தான் அந்தப் பூட்டு. நாம் போடுவது எல்லா இடத்திலும் ஓடும். டொராண்டோவுக்கு என்றால் என்டிஎஸ்சிதான், அங்கே பல பிளேயர்கள் பால் டிஸ்க்கை ஏற்காது.

மூன்றாம் படி: சீராக்குவதும் தொகுப்பதும்

போன் வீடியோவில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சத்துக்கு ஏற்பப் போன் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், நொடிக்கு 30 என்று சொன்னாலும் ஓரிடத்தில் 29, இன்னோரிடத்தில் 24 என்று இருக்கும். டிவிடி இதை ஏற்காது. அப்படியே மாற்றினால் தொடக்கத்தில் சரியாக இருக்கும், போகப் போக மேளம் ஒரு பக்கம், அடிக்கும் கை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஹேண்ட்பிரேக் தேவைப்படுவது இதற்குத்தான். ஒவ்வொரு கோப்பையும் அதில் போட்டு, 'வீடியோ' பகுதியில் படவேகத்தை 29.97 (பால் என்றால் 25) என்று வைத்து, பக்கத்திலேயே இருக்கும் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை 48 ஆக்குங்கள். தரத்தை உயர்வாகவே வையுங்கள், இது இடைக்கால நகல்தான்.

கேசட்டிலிருந்து எடுத்ததை இதில் போட வேண்டாம். அது ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறி வரையப்பட்ட படம். டிவிடிக்கும் அந்த முறை பழக்கம்தான். அதைப் பிரிக்காமல் அப்படியே விட்டால்தான் அசைவு இயல்பாக இருக்கும்.

பிறகு ஷாட்கட்டில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரே படமாக்குங்கள். வெட்டுவதற்குத் தயங்காதீர்கள். மொய் எழுதும் இடத்தில் 14 நிமிடம் யாரோ கேமராவை அணைக்க மறந்திருப்பார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, அது தின்னும் இடத்தைத் தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிற காட்சிக்குக் கொடுங்கள். 60லிருந்து 90 நிமிடம் வரை நல்ல அளவு.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை அகலத் திரையில் நடுவே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்பு. ஷாட்கட்டில் 'பிளர்: பேட்' என்ற ஃபில்டரைப் போட்டால் அதே படம் மங்கலாகப் பக்கங்களை நிரப்பும், கண்ணுக்கு அவ்வளவு உறுத்தாது. சிலர் படத்தை இழுத்து அகலமாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஒல்லியான சித்தப்பாகூடப் பூசணிக்காய்போல் தெரிவார்.

நான்காம் படி: இடக்கணக்கு

டிஸ்க்கின் மேல் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் அதை 4.38 என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான், எண்ணும் முறை வேறு.

சுலபமான கணக்கு: 600ஐ மொத்த நிமிடத்தால் வகுங்கள். வருவது நொடிக்கு எத்தனை மெகாபிட் செலவழிக்கலாம் என்பது. 90 நிமிடப் படத்துக்கு 6.6, இரண்டு மணி நேரத்துக்கு 5, மூன்று மணி நேரத்துக்கு 3.3. இதில் ஒலிக்கு 0.2 போக மீதி படத்துக்கு. 6க்கு மேல் என்றால் போன் வீடியோ நன்றாக இருக்கும். 4க்குக் கீழே போனால் கூட்டமும் ஜரிகையும் உள்ள காட்சிகள் கலங்கிப்போகும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் திணிக்காமல் இரண்டாகப் போடச் சொல்வது இதனால்தான்.

படம் சின்னதாக இருந்தாலும் 8ஐத் தாண்ட வேண்டாம். விதிமுறைப்படி படத்துக்கு 9.8 வரை போகலாம், ஆனால் வீட்டில் ரைட் செய்த டிஸ்க்கிலிருந்து அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர் திணறும். ஒலியில் பிசிஎம் என்று ஒரு தேர்வு இருக்கும். அது மட்டுமே 1.5 மெகாபிட் சாப்பிடும், சுருக்கிய ஒலி வடிவமான ஏசி-3யே போதும்.

600 என்ற எண்ணில் கொஞ்சம் இடத்தை வேண்டுமென்றே மிச்சம் விட்டிருக்கிறேன். டிஸ்க் நடுவிலிருந்து வெளிப்புறமாக எழுதப்படும். விளிம்புப் பகுதியில்தான் பிழை அதிகம், விரல் படுவதும் அங்கேதான். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் தடுமாறும் டிஸ்க் என்றால் பெரும்பாலும் கழுத்து வரை நிரப்பியதாக இருக்கும்.

ஐந்தாம் படி: டிவிடிஸ்டைலரில் அடுக்குவது

புதுத் திட்டம் தொடங்கியதும் ஒரு பெட்டி கேள்விகள் கேட்கும். டிஸ்க் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். கொள்ளளவு 4.7 ஜிபி. வீடியோ வடிவம் நீங்கள் முடிவு செய்த பால் அல்லது என்டிஎஸ்சி. ஒலி ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ்.

விகிதம் என்ற கேள்வியில் கவனம் வேண்டும். டிவிடியில் 4:3 படமும் 16:9 படமும் அதே 720 × 576 கட்டத்துக்குள்தான் இருக்கும். எப்படி விரித்துக் காட்டுவது என்பதை ஒரு சிறு குறி மட்டுமே பிளேயருக்குச் சொல்கிறது. போன் வீடியோவுக்கு 16:9, பழைய கேசட்டுக்கு 4:3. மாற்றிப் போட்டால் எல்லோரும் குண்டாகவோ நெட்டையாகவோ தெரிவார்கள். பார்க்கப்போவது பெட்டி டிவி என்றாலும் 16:9 என்றே போட்டு, அந்த வீட்டுப் பிளேயர் செட்டப்பில் '4:3 எல்பி' என்று வைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், படம் முழுதாகத் தெரியும்.

அடுத்தது மெனு. வயதானவர்களுக்கான டிஸ்க் என்றால் மெனுவே வேண்டாம் என்பது என் கட்சி. டிஸ்க்கைப் போட்டால் படம் ஓட வேண்டும், அவ்வளவுதான். வார்ப்புரு இல்லாத தேர்வை எடுத்து, காலியாக நிற்கும் மெனுவையும் நீக்கிவிடுங்கள். மெனு வேண்டும் என்பவர்கள், தமிழ்த் தலைப்பை அங்கேயே தட்டாமல் வேறு மென்பொருளில் படமாகச் செய்து பின்னணியாக வையுங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கலைந்துபோகும். பொத்தான்களை ஓரத்தில் ஒட்டவைக்கவும் வேண்டாம், பெட்டி டிவி நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கிவிடும்.

தொகுத்த படத்தைக் கீழே உள்ள பட்டையில் இழுத்துப் போடுங்கள். அதன்மேல் வலச்சொடுக்கு செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் 'சாப்டர்' நேரங்களைக் கொடுக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தானாகவும் போட்டுக்கொள்ளும், ஆனால் கையால் போடுவதுதான் அழகு. குலசாமி கும்பிட்டது, மொட்டை, தாய்மாமன் சீர், காதுகுத்து, பந்தி என்று அந்தந்த நேரத்தைக் குறித்து உள்ளிடுங்கள். ரிமோட்டில் 'நெக்ஸ்ட்' அழுத்தினால் நேராகச் சீர்வரிசைக்குப் போய் நிற்கும்.

இப்போது 'பர்ன்' பொத்தானை அழுத்துங்கள். வரும் பெட்டியில் நேரடியாக டிஸ்க்கில் எழுதும் தேர்வை விட்டுவிட்டு 'ஐஎஸ்ஓ' கோப்பு உருவாக்கும் தேர்வை எடுங்கள். டிஸ்க்கில் போகவேண்டிய எல்லாம் ஒரே கோப்பாகக் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் சேரும். எம்பெக்-2 ஆக மாற்றும் வேலையும் இங்கேயே நடக்கிறது, அதனால் நேரம் பிடிக்கும். லேப்டாப் தூங்கிப்போகாதபடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

ஆறாம் படி: விஎல்சியில் சோதனை

ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்தால் டிஸ்க்கைப் போட்டதுபோலவே ஓடும். முகங்கள் சரியான அகலத்தில் இருக்கின்றனவா, சாப்டர் தாவுகிறதா என்று பாருங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போய் உதடும் பேச்சும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பாருங்கள். தவறு இருந்தால் இங்கே திருத்தலாம், ஒரு டிஸ்க்கும் வீணாகாது.

ஏழாம் படி: ரைட் செய்வது

இம்க்பர்னில் 'ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க்' என்பதைத் தேர்ந்து ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். டிஸ்க்கில் 16 எக்ஸ் என்று போட்டிருந்தாலும் எழுதும் வேகத்தை 8 எக்ஸ் அல்லது 4 எக்ஸ் என்று வைப்பது நல்லது. 8 எக்ஸில் நிறைந்த டிஸ்க்குக்குப் பத்து நிமிடம்போல ஆகும். 'வெரிஃபை' என்பதில் டிக் இருக்கட்டும். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும், இன்னும் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கும். உறவினர்களுக்குக் கொடுப்பதற்கு இதைத் தவிர்க்காதீர்கள். முடிவில் டிஸ்க்கைத் தானாகவே மூடிவிடும், ஃபைனலைஸ் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் ஐஎஸ்ஓ மேல் வலச்சொடுக்கு செய்து விண்டோஸிலிருந்தே எழுதலாம், வேகத்தை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. மேக்கில் ஃபைண்டரிலேயே இந்த வசதி இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்குக் கே3பி, பிரசேரோ.

ஓடவில்லை என்றால்

'நோ டிஸ்க்' வந்தால் முதலில் அதே டிஸ்க்கைக் கணினியில் திறந்து வீடியோ டிஎஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி4 மட்டும் தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். ஃபோல்டர் இருந்தும் ஓடவில்லை என்றால் கடையில் வாங்கிய பட டிவிடி ஒன்றைப் பிளேயரில் போடுங்கள். அதுவும் திக்கினால் லென்ஸில் தூசு. அது ஓடி உங்களுடையது ஓடவில்லை என்றால் டிஸ்க் வகையை மைனஸ் ஆருக்கும் வேகத்தை 4 எக்ஸுக்கும் மாற்றி இன்னொன்று போடுங்கள். எல்லா இடத்திலும் திக்கினால் மெகாபிட் அதிகம், கடைசியில் மட்டும் என்றால் மேலே சொன்ன விளிம்புச் சிக்கல்.

டிஸ்க்கின் மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டாம், சுழலும்போது எடை ஒருபக்கமாகிவிடும். டிஸ்க்குக்கென்றே வரும் மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் தேதியையும் விசேஷத்தையும் எழுதுங்கள். வெயில் படாத இடத்தில், பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். இந்த டிஸ்க்கில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில். டிவிக்கு மேலேயோ ஜன்னல் ஓரத்திலோ கிடந்தால் அது வெளுத்துவிடும்.

டிவிடி போட்டாயிற்று என்று போனில் இருப்பதை அழித்துவிட வேண்டாம். முழு எச்டி வீடியோவில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகள்தான் டிவிடியில் இருக்கின்றன. மூலக் கோப்புகளும் அந்த ஐஎஸ்ஓவும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். 'எங்களுக்கு ஒன்று போட்டுத் தாயேன்' என்று பெரியம்மா கேட்கும்போது ஏழாம் படி மட்டும்தான் பாக்கி இருக்கும்.